ஃபிட்டிங் சார்ஜ்

ஹஜ்ஜுக்குக் கிளம்ப இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. சனிக்கிழமை காலை கூரியர்காரர் ஒரு நீள உறையை நூர் ஆப்டிகல்ஸின் மேஜைமேல் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பேங்கிலிருந்து வந்த கிரெடிட் கார்டு பில். ஷாஹுல் ஹமீது அதை உடனே பிரிக்கவில்லை. முழுப் பணத்தையும் போன வாரமே கட்டியாயிற்று, இனி அதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற தெம்பு. லஸ் பக்கத்துச் சந்தில் பத்தொன்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர் அவர். காசு விஷயத்தில் தன்னை யாரும் ஏமாற்றியதில்லை என்பதை அவரே நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அவருடைய கவலை வேறு. ஹஜ்ஜுக்குப் போகிறவர் யாருக்கும் பாக்கி வைக்காமல் போக வேண்டும். பணப் பாக்கி மட்டுமில்லை, மனசுப் பாக்கியும்தான். அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டில் இருபத்து மூன்று பேரின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு ஒரு மாதமாக வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். தண்ணீர் மோட்டார் விஷயமாக எட்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத மாடி வீட்டம்மாவிடம் கேட்டார். லென்ஸை உடைத்தான் என்று கோபத்தில் நிறுத்திவிட்ட பழைய வேலையாளைத் திருவான்மியூர் வரை தேடிப் போய்க் கேட்டார். அந்த ஆள் அழுதுவிட்டான், இவரும் அழுதார், பிறகு இரண்டு பேரும் டீ குடித்தார்கள். கடைசிப் பெயரை நேற்று ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கோடு போட்டு அடித்தாயிற்று.

"இனிமே இந்த ஊர்ல யாருக்கும் நான் பாக்கி இல்ல" என்று நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி ஷகீலாவிடம் சொன்னார். அவளும் அவரோடு ஹஜ்ஜுக்கு வருகிறாள். கடையின் பில் புத்தகங்களையும் கணக்கையும் பார்ப்பது அவள்தான். அவள் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில், உறையைப் பிரித்தார். சவூதி ரியால் வாங்கிய முப்பத்தையாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய் ஒரு வரியில் இருந்தது. அவர் கட்டிய அதே தொகை இன்னொரு வரியில் கழிந்திருந்தது. நல்லது. அதற்குக் கீழே, யாரும் அழைக்காமல் விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள் மாதிரி இரண்டு வரி உட்கார்ந்திருந்தன. கேஷ் அட்வான்ஸ் கட்டணம் எண்ணூற்று எண்பத்தேழு ரூபாய் நாற்பது காசு. வட்டி முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் நாலு காசு.

முதல் வரி அவருக்குப் புரியவே இல்லை. இரண்டாவது வரி புரிந்ததும் உடம்பு சூடாகிவிட்டது.

வட்டி. மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று வாழ்நாளில் ஒருத்தரிடமும் வட்டி வாங்கியதில்லை, ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. கடை தொடங்கும்போது பேங்குக் கடன் வேண்டாம் என்று மூன்று வருஷம் வாடகை நாற்காலியில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர். அப்படிப்பட்டவருக்கு முதன்முதலாக வட்டி வந்து ஒட்டிக்கொண்டது மக்காவுக்குக் கொண்டுபோகிற பணத்தில்தான்.

நடந்தது இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் ஹஜ் டிராவல்ஸ்காரர்கள் இரண்டாம் தவணையைத் திடீரென்று முன்னாலேயே கேட்டார்கள். கையிலிருந்த ரொக்கம் அங்கே போய்விட்டது. ஒரு பஸ் கம்பெனி டிரைவர்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்த பணம் ஒரு வாரத்தில் வர வேண்டியிருந்தது. அதற்குள் ரியால் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. பாண்டி பஜாரில் மாடிமேல் இருக்கும் பணம் மாற்றும் கடைக்காரர் முத்துகிருஷ்ணன்தான் வழி சொன்னார்.

"பாய், கார்டு வெச்சிருக்கீயள்லா? தேச்சிருங்க. ரெண்டு பர்சென்ட் சர்வீஸ் சார்ஜ் ஆகும். வேற ஒண்ணுமில்ல."

"வட்டி?"

"டயத்துக்குக் கட்டினா ஒரு பைசா கிடையாது. நாப்பத்தஞ்சு நாள் இருக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது ஹஜ்ஜுக்குப் போற பணம்."

"நான் சொல்லுதேன்லா பாய்" என்றார் முத்துகிருஷ்ணன், திருநெல்வேலித் தமிழில், நெஞ்சில் கை வைத்து.

இரண்டு பர்சென்ட் என்றதும் ஷாஹுல் ஹமீது மறு பேச்சுப் பேசவில்லை. கார்டு வியாபாரம் அவருக்குத் தெரியாததா? இரண்டு வருஷத்துக்கு முன் அதே பேங்க்காரர்கள்தான் அவர் கடையிலும் கார்டு தேய்க்கும் மெஷினை வைத்தார்கள். கூடவே அவர் பெயருக்கும் ஒரு கார்டைத் திணித்துவிட்டுப் போனார்கள். கடையில் யாராவது கார்டு தேய்த்தால் ஆயிரம் ரூபாய்க்கு இருபது ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் பேங்க் மீதியைத் தரும். முத்துகிருஷ்ணன் அந்த இருபதை வாய்விட்டுக் கேட்டு வாங்குகிறார், அவ்வளவுதான். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியைப் புரிந்துகொள்கிற விதத்தில் சிரித்துவிட்டு, கார்பன் சீட்டில் கையெழுத்துப் போட்டு மூவாயிரம் ரியாலை எண்ணி வாங்கினார். பஸ் கம்பெனிப் பணம் வந்ததும், பில்லுக்குக்கூடக் காத்திருக்காமல் மொத்தத்தையும் கட்டினார். பிறகு எங்கிருந்து வந்தது இந்த வட்டி?

பேங்குக்குப் போன் போட்டார். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது ஒரு பெண் குரல். அழுத்தினார். குரல் ஆங்கிலத்தில் பேசியது. கார்டு நம்பரின் பதினாறு எண்ணையும் அழுத்தச் சொன்னது, அழுத்தினார். பாட்டுப் போட்டது. ஒரே பாட்டு திரும்பத் திரும்ப இருபது நிமிஷம் ஓடிய பிறகு ஒரு பையன் வந்து, இது டெபாசிட் பிரிவு, கார்டு பிரிவு திங்கட்கிழமைதான் திறக்கும் என்றான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஷாஹுல் ஹமீது யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஒருவருக்குக் கண் பரிசோதிக்கும்போது கீழ் வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் படித்ததைக் கேட்காமலே அடுத்த லென்ஸை மாட்டினார்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாண்டி பஜார் போனார். முத்துகிருஷ்ணன் பில்லை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு வெள்ளெழுத்து வந்து வருஷக்கணக்காகிறது, ஒத்துக்கொள்ள மாட்டார்.

"இது பேங்க் போட்டது பாய். எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நீங்கதானே ஒரு பைசா வட்டி கிடையாதுன்னீங்க."

"பொருள் வாங்கினா கிடையாதுன்னுதான் எனக்குத் தெரியும். ரியாலுக்கு இப்படிப் போடுவாம்னு யாரு கண்டா? நீங்க பேங்க்லதான் கேக்கணும்."

"நெஞ்சுல கை வெச்சுச் சொன்னீங்களே."

முத்துகிருஷ்ணன் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு காளிமார்க் சோடா வாங்கிவரச் சொல்லட்டுமா என்றார். ஷாஹுல் ஹமீது பில்லை வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.

பேங்கின் கார்டு ஆபீஸ் தேனாம்பேட்டையில், மவுண்ட் ரோடுமேல், முழுக்கக் கண்ணாடி வைத்த கட்டடத்தில் இருந்தது. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்த இடமில்லை. சந்துக்குள் போய் நிறுத்திவிட்டு வியர்வையோடு திரும்பி வந்தால், உள்ளே மார்கழிக் குளிர். செக்யூரிட்டி ஆள் கையை நீட்டித் தடுத்தான்.

"இன்னா பாய், நேரா பூந்துக்கினு போறே? டோக்கன் வாங்கு."

டோக்கன் ஐம்பத்திரண்டு. ஓடிக்கொண்டிருந்தது முப்பத்தொன்று. ஒரு மணி நேரம் கழித்து அவர் எதிரே உட்கார்ந்த பெண்ணின் சட்டையில் அனுப்ரியா என்று பெயர் குத்தியிருந்தது. இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு இருக்கும். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே சொன்னாள்.

"இது கேஷ் அட்வான்ஸ் சார். ஃபாரின் கரன்சி வாங்கினா அது பொருள் வாங்கின கணக்குல வராது. பணம் எடுத்த கணக்குல வரும். அதுக்கு ரெண்டரை பர்சென்ட் கட்டணம். எடுத்த அன்னைக்கிலேருந்தே வட்டி ஓடும்."

"நான் பணம் எடுக்கலியேம்மா. ரியால் வாங்கினேன்."

"ரியாலும் பணம்தானே சார்."

இதற்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததனால் குரல் உயர்ந்தது. "அதை யாரு எனக்குச் சொன்னாங்க? சொல்லியிருந்தா நான் ரொக்கமா கொண்டுபோய் வாங்கியிருப்பேனே. எவன்கிட்டயாவது கைமாத்தா வாங்கியாவது குடுத்திருப்பேனே. சொல்லாம பிடிச்சா அதுக்கு என்ன பேரு?"

அனுப்ரியா ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துத் திருப்பி வைத்தாள். பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் எறும்பு வரிசை. "பதினேழாவது பாயின்ட் சார். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

ஷாஹுல் ஹமீது சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். கிட்டப்பார்வை பரிசோதிக்கிற அட்டை அது. மேலே பெரிய எழுத்து, கீழே வர வரச் சின்ன எழுத்து. கடை வேலையாகப் போகிற இடமெல்லாம் அது அவர் பையில் இருக்கும். அதைப் படிவத்தின் பக்கத்தில் வைத்தார்.

"இதுல கடைசி வரியைப் பாரும்மா. நல்ல கண்ணு உள்ளவங்க படிக்கறதுலயே ரொம்பச் சின்ன எழுத்து இதுதான்னு டாக்டருங்க வெச்சிருக்காங்க. இதைவிடச் சின்னதா நீங்க அச்சடிச்சிருக்கீங்க. கண்ணாடிக் கடைக்காரன் என்னாலயே படிக்க முடியல. இதை மனுஷன் படிக்கணும்னுதான் போட்டீங்களா?"

பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் அட்டையைக் கேட்டு வாங்கிப் படித்தும் பார்த்தார். அனுப்ரியாவின் முகம் சிவந்துவிட்டது. வட்டியை ரத்து செய்கிற அதிகாரம் தனக்கு இல்லை, பம்பாய்க்கு எழுதிப் பார்க்கலாம், பதில் வர முப்பது வேலை நாள் ஆகும் என்றாள்.

"வெள்ளிக்கிழமை எனக்கு பிளைட்டு. ஹஜ்ஜுக்குப் போறேன். வட்டியோட போகக் கூடாதும்மா. இது உங்களுக்கு முந்நூத்தம்பது ரூபா. எனக்கு அப்படி இல்ல."

அவள் எழுந்து உள்ளே போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு டை கட்டிய ஆளிடம் அவள் பேசுவதும், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே இல்லை என்று கையை ஆட்டுவதும் தெரிந்தது. புதன்கிழமை வாருங்கள், மறுபடி கேட்டு வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

திரும்பும் வழியில் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் விஷயத்தைச் சொன்னார். தெரியாமல் நடந்தது, தௌபா செய்து இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள், பாக்கி மட்டும் வைக்காமல் போங்கள் என்றார் ஹஜ்ரத். அதைக் கேட்டும் மனசு ஆறவில்லை. தெரியாமல் நடந்ததென்றால், தெரிந்தே நடத்தியவன் ஒருவன் இருக்கிறானே, அவனை யார் கேட்பது? செவ்வாய்க்கிழமை முழுதும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதே பேச்சுத்தான். சொல்லாமல் பிடிக்கிறவன் திருடன், சொல்லிவிட்டுப் பிடித்தால் வியாபாரி என்று மூக்குப்பட்டை மாற்ற வந்த ஒரு காலேஜ் பெண்ணிடம்கூட விளக்கினார். பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்த வீட்டில், ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராம் துணியை மடித்தபடியே ஷகீலாவும் அதைக் கேட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை. பேங்கைத் திட்டி முடிக்கும்போது இஷா தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

புதன்கிழமை அனுப்ரியா அவரைப் பார்த்ததும் டோக்கன் இல்லாமலே உட்காரச் சொன்னாள்.

"ரத்து பண்ண மாட்டேன்னுட்டாங்க சார். நான் மூணு தடவை கேட்டேன்."

"சரி. இந்தா ஆயிரத்து இருநூத்து முப்பத்தாறு ரூபா நாப்பத்து நாலு காசு. வாங்கிக்கிட்டு, இன்னையோட பாக்கி இல்லைன்னு ஒரு லெட்டர் குடு."

அவள் தயங்கினாள். "இந்த ஆயிரத்து இருநூறுக்கு இன்னைய வரைக்கும் வட்டி இருக்கும் சார். அது எவ்வளவுன்னு அடுத்த பில்லுலதான் தெரியும். பத்து ரூபாய்க்குள்ளதான் வரும்."

"அடுத்த பில்லு வரும்போது நான் மக்கா பக்கத்துல மினாவுல கூடாரத்துல இருப்பேன்."

"பாக்கி இல்லைன்னு லெட்டர் என்னால குடுக்க முடியாது."

ஷாஹுல் ஹமீது இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கொடுக்க வந்தவனிடம் எவ்வளவு என்று சொல்லமாட்டேன் என்கிற கடன் கொடுத்தவனை அவர் இப்போதுதான் பார்க்கிறார். மெட்ராஸிலும் அதைச் சுற்றியும் ஐம்பத்தோரு வருஷம் வாழ்ந்தவருக்கு அந்த நிமிஷம் அழுகை வரும்போல இருந்தது. அனுப்ரியா குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னாள்.

"சார், ஆயிரத்து முந்நூறாக் கட்டிடுங்க. அப்ப உங்க கணக்குல மிச்சம் நிக்கும். நீங்க பேங்குக்குப் பாக்கி இருக்க மாட்டீங்க. பேங்க்தான் உங்களுக்குப் பாக்கி."

அவர் ஆயிரத்து முந்நூறாகவே எண்ணிக் கட்டினார். ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், திரும்பி நின்றார்.

"அன்னைக்கு உன்கிட்டச் சத்தம் போட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா. மன்னிச்சேன்னு வாயால சொல்லு."

அனுப்ரியாவுக்குச் சிரிப்பும் கூச்சமும் ஒன்றாக வந்தன. "மன்னிச்சேன் சார். நல்லபடியாப் போய்ட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து இருபத்து நாலாவதாக அனுப்ரியா என்று எழுதி, அடித்தார். வட்டி போனது போனதுதான், நெஞ்சில் அது முள்ளாகக் கிடக்கிறதுதான். ஆனாலும் யாருக்கும் பாக்கி இல்லை. பேங்கே தனக்குப் பாக்கி என்பதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. கச்சேரி ரோட்டிலிருந்து தன் தம்பி ஷரீஃப் வாங்கிவந்த சமோசாவைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள் ஷகீலா. கடையை இரண்டு மாதம் ஷரீஃப்தான் பார்த்துக்கொள்ளப் போகிறான். அவனுக்கும் ஒரு தடவை முழுக் கதையும் சொன்னார். பதினேழாவது பாயின்ட், சாம்பல் எழுத்து, அட்டையின் கடைசி வரி, எல்லாம்.

"சொல்லாம பிடிக்கறான் பாரு, அதுதான் எனக்கு ஆறல" என்று முடித்தார்.

ஷகீலா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "என்னங்க, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம கடையில கார்டு தேய்க்கறவங்க பில்லுல மட்டும் ஃபிட்டிங் சார்ஜ்னு ஒண்ணு எழுதச் சொல்றீங்களே. அது என்னங்க?"

சமோசா அவர் கையிலேயே நின்றது.

"அது பேங்க் நம்மகிட்டப் பிடிக்கற ரெண்டு பர்சென்ட்டு. அதுக்கு மேல ஒரு பைசா நான் வாங்கினதில்ல."

"நீங்க கூட வாங்கினீங்கன்னு நான் சொல்லலியே. வந்தவங்களுக்கு அது தெரியுமா?"

"ரொக்கம் குடுக்கறவங்களுக்கும் நாமதான் ஃபிட்டிங் பண்றோம் மச்சான், அவங்ககிட்ட வாங்கறதில்லியே" என்றான் ஷரீஃப், விஷயத்தின் எடை தெரியாமல். ஷகீலா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் உள்ளே போய்விட்டான்.

ஷாஹுல் ஹமீதுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கிளம்பப் போகிற நேரத்தில் ஏன் இதைக் கிளப்புகிறாள்? ஊரில் எந்தக் கடைக்காரன் செய்யாததை நான் செய்துவிட்டேன்? அந்த முத்துகிருஷ்ணனைப்போல வாய்விட்டுக் கேட்டால் வந்தவன் எழுந்து போய்விடுவானே என்றுதானே அப்படி எழுதினேன்? இதையெல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். கடைசிக் கேள்வியில் மாட்டிக்கொண்டார். எழுந்து போய்விடுவான் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. பேங்க்காரன் எழுத்தைச் சின்னதாக்கினான். இவர் பெயரை மாற்றினார்.

"எத்தனை பில்லு இருக்கும்?" என்றார் மெதுவாக.

"அறுபத்தொண்ணு. ரெண்டாயிரத்து நாப்பத்தாறு ரூபா. செவ்வாக்கிழமையே கூட்டி வெச்சுட்டேன்."

கண்ணாடிக் கடையில் ஒரு சௌகரியம், வந்தவர் யார் என்பது தெரியாமல் போகாது. பெயர், விலாசம், எந்தக் கண்ணுக்கு எவ்வளவு பவர் என்று எல்லாம் நோட்டில் இருக்கும். அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, மூன்று பேரும் உட்கார்ந்து அறுபத்தொரு விலாசத்தை எழுதினார்கள். அடையாறு, கே.கே. நகர், மாம்பலம் என்று சிதறிக் கிடந்தவர்களுக்கு மணியார்டர் அனுப்ப ஷரீஃபிடம் பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஒவ்வொரு மணியார்டரிலும் எழுத வேண்டியதையும் அவரே சொன்னார்: உங்கள் பில்லில் ஃபிட்டிங் சார்ஜ் என்று எழுதியது கார்டுக்காகப் பிடித்தது, சொல்லாமல் பிடித்தேன், மன்னிக்கவும்.

ஒரு பெயரில் மட்டும் பேனா நின்றது. ராஜகோபாலன், தெற்கு மாட வீதி. ஏஜி ஆபீஸில் ஆடிட் வேலை பார்த்து ரிடையரானவர். வருஷக்கணக்காகச் சாயங்கால நடை முடிந்து கடைக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து கிரிக்கெட் பேசிவிட்டுப் போவார். திடீரென்று வருவது நின்றுவிட்டது. உடம்பு முடியாமல் இருக்கும், மகன் வேறு எங்காவது அழைத்துப் போயிருப்பான் என்று ஷாஹுல் ஹமீது நினைத்துக்கொண்டார். போய்ப் பார்க்கவில்லை. சண்டை எதுவும் போட்டதில்லை என்பதால் இருபத்து மூன்று பேரில் அவர் பெயர் இல்லை.

"இவருக்கு மணியார்டர் வேணாம்" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் தெற்கு மாட வீதிக்கு நடந்தே போனார். கதவைத் திறந்த ராஜகோபாலன் ஒரு கணம் அடையாளம் தெரியாமல் பார்த்தார். பழைய ஃபிரேமின் ஒரு காலில் நூல் சுற்றியிருந்தது.

"அட, பாயா? வாங்கோ, உள்ள வாங்கோ. ஆத்துல யாரும் இல்லை, எல்லாரும் கோவிலுக்குப் போயிருக்கா."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி, நாளை ஹஜ்ஜுக்குப் போவதைச் சொன்னார். பிறகு பில் நகலை எடுத்து நீட்டி, ஃபிட்டிங் சார்ஜ் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். முப்பத்து நாலு ரூபாயை மேஜைமேல் வைத்தார். ராஜகோபாலன் பணத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன சார்?"

"ஒரே வாரத்துல எனக்கும் ஆத்துக்காரிக்கும் உங்க கடையில கண்ணாடி போட்டோம். அவளோடது ரொக்கம், என்னோடது கார்டு. ஃபிட்டிங் எனக்கு மட்டும் இருந்தது. ஆயிரத்து எழுநூறுக்கு முப்பத்து நாலு. சரியா ரெண்டு பர்சென்ட். முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவா பில்லைப் பாத்தவன் பாய், எனக்குத் தெரியாதா?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தேள்னா நானே குடுத்திருப்பேனே."

ஷாஹுல் ஹமீது தலையைக் குனிந்துகொண்டார். அவர் திங்கட்கிழமை தேனாம்பேட்டையில் குரலை உயர்த்திச் சொன்ன அதே பேச்சு, சத்தமே இல்லாமல் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்திருந்தது.

"மன்னிச்சுடுங்க சார். வாயால சொல்லணும்."

"முப்பத்து நாலு ரூபாயை அப்பவே மன்னிச்சாச்சு. நாளைக்கு நிம்மதியாக் கிளம்புங்கோ." ராஜகோபாலன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "ஆனா ரெண்டு வருஷமா லஸ் பக்கம் போறச்சேல்லாம் உங்க கடை கண்ணுல படக் கூடாதுன்னு எதிர் பிளாட்பாரத்துல போயிண்டிருக்கேன். சாயங்காலத்துல பேச ஆள் இல்லை. அதை யார் திருப்பிக் குடுப்பா?"

நோட்டில் எழுதி அடிக்கக்கூடிய பாக்கி இல்லை அது. ஷாஹுல் ஹமீது எழுந்து, கேட்காமலே அந்தக் கண்ணாடியை அவர் கையிலிருந்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு லென்ஸும் கீறலாகிக் கிடந்தன.

"இதைப் போட்டுக்கிட்டா ரோட்டைத் தாண்டினீங்க? பவரும் மாறியிருக்கும் சார். வேற யார்கிட்டயும் போட்டுடாதீங்க, நான் வந்ததும் பாக்கறேன்."

"பாக்கலாம். ஆனா நான் கார்டுலதான் குடுப்பேன்."

"ரெண்டு பர்சென்ட் கூட ஆகும் சார்" என்றார் ஷாஹுல் ஹமீது.

ராஜகோபாலன் கையை நீட்டிக் கண்ணாடியைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டார். "ஆகட்டும். அதை அதோட சொந்தப் பேரிலேயே பில்லுல எழுதுங்கோ."